பன்னிரண்டு நாளில் உடன்பாடு, முப்பது ஆண்டாகியும் முடியாத பதிவேடு

(ஆஸ்திரேலியத் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பை அறிவித்ததிலிருந்து ஒரே கேள்வியைப் பலரும் கேட்டுவிட்டார்கள். “நம்ம ஆட்கள் யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது? தமிழ் மேடையில் இதைப் பேசி என்ன ஆகப்போகிறது?” கேள்வியில் நியாயம் உண்டு. சிட்னியிலும் மெல்பர்னிலும் வாழும் நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைக் காவலரின் இடுப்பில் மட்டுமே பார்த்திருக்கிறோம். ஆனால் இந்த நாட்டில் தனியார் கையில், சட்டப்படி பதிவான துப்பாக்கிகள் மட்டுமே நாற்பது லட்சத்துக்கு மேல். 1996இல் தடை செய்யப்பட்ட துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்து வாங்கியபோது, அதற்கான பணத்தை மெடிகேர் வரியை ஓராண்டுக்கு மட்டும் 0.2 விழுக்காடு கூட்டித் திரட்டினார்கள். அன்று இங்கே வேலை பார்த்த தமிழர்களின் சம்பளத்திலும் அது பிடிக்கப்பட்டது. பணம் கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. இன்று நான் பேசப்போவது அந்தக் கணக்கைப் பற்றித்தான்.

1996 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை. டாஸ்மேனியாவில் போர்ட் ஆர்தர் என்ற ஊர். பிரிட்டிஷார் காலத்தில் கைதிகளை அடைத்து வைத்த இடம். இப்போது சுற்றுலாத் தலம். அங்கே ஒரே ஆள் அரைத் தானியங்கி வகை ரைஃபிள்களால் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். ஜான் ஹோவர்ட் பிரதமராகி அப்போது இரண்டு மாதம்கூட நிறையவில்லை. கூட்டணிக் கட்சியோ கிராமப்புற ஓட்டில் வாழும் கட்சி. விவசாயிகளின் கோபத்தைத் தாங்க முடியாத கட்சி. இருந்தும் மே 10ஆம் தேதி எல்லா மாநில, பிரதேசக் காவல்துறை அமைச்சர்களும் கூட்டாட்சி அரசோடு உட்கார்ந்து உடன்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். சம்பவத்துக்கும் உடன்பாட்டுக்கும் இடையே பன்னிரண்டு நாள்.

அந்த உடன்பாட்டின் பெயர் தேசியத் துப்பாக்கி ஒப்பந்தம். தானாகத் தோட்டா ஏறும் ரைஃபிள்களுக்கும், ஷாட்கன்களில் அதே வகைக்கும் பம்ப் வகைக்கும் பொதுமக்களிடம் தடை. துப்பாக்கி வாங்க உண்மையான காரணம் காட்ட வேண்டும். தற்காப்பு என்பது காரணமாகாது. வாங்க அனுமதி கேட்டால் 28 நாள் காத்திருக்க வேண்டும். திரும்ப வாங்கும் திட்டத்தில் ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகள் வந்து சேர்ந்து நொறுக்கப்பட்டன. உலகம் முழுக்க இன்றும் இதைப் பாராட்டிப் பேசுகிறார்கள். பாராட்டத் தகுந்ததுதான்.

ஆனால் அதே தீர்மானங்களின் பட்டியலில், தடைக்கு அடுத்தபடியாகவே, இன்னொன்று இருக்கிறது. அதை மேடைகளில் யாரும் வாசிப்பதில்லை. குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், டாஸ்மேனியா மூன்றும் உடனே உரிமம், துப்பாக்கிப் பதிவு இரண்டையும் சேர்த்த அமைப்பை உருவாக்க வேண்டும். மற்ற மாநிலங்கள் தங்களிடம் ஏற்கெனவே உள்ளவற்றை அதோடு பொருந்தும்படி திருத்த வேண்டும். எல்லாவற்றையும் காவல்துறையின் தகவல் பரிமாற்ற வலைப்பின்னல் வழியே இணைத்து நாடு முழுவதற்குமான பதிவாக ஆக்க வேண்டும். இவ்வளவுதான். தொலைக்காட்சியில் காட்ட ஒன்றுமில்லை. நொறுங்கும் இரும்பு இல்லை, அழும் குடும்பம் இல்லை. குமாஸ்தா வேலை. அந்தக் குமாஸ்தா வேலைதான் முப்பது ஆண்டாக முடியாமல் கிடக்கிறது.

ஏன் முடியவில்லை என்று கேட்டால் அரசியல் சாசனத்தைக் கை காட்டுவார்கள். அது பாதி உண்மை. ஆஸ்திரேலிய சாசனம் துப்பாக்கி குறித்துச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைக் கூட்டாட்சிக்குத் தரவில்லை. இறக்குமதியைச் சுங்கச் சட்டத்தால் தடுக்கலாம். உள்ளே வந்தபின் யார் வைத்திருக்கலாம், எப்படிப் பூட்டி வைக்க வேண்டும், யாரிடம் பதிய வேண்டும் என்பதெல்லாம் மாநிலத்தின் கையில். எனவே ஆறு மாநிலமும் இரண்டு பிரதேசமும் எட்டுச் சட்டம் எழுதின, எட்டுப் பதிவகம் திறந்தன, எட்டு விதமான கணினி அமைப்புகளில் தகவலை ஏற்றின. எட்டும் தனித்தனியாக ஓடலாம் என்று சாசனம் சொல்கிறது. ஒன்றோடொன்று பேசாமல் ஓட வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். லித்கோ ஆயுதத் தொழிற்சாலையில் செய்த பழைய .22 ரைஃபிள், நாட்டுப்புறப் பண்ணைகளில் முயல் சுட வைத்திருப்பார்கள். இதை ஒரு மாநிலத்தின் எழுத்தர் ‘லித்கோ’ என்று பதிவார். அடுத்த மாநிலத்தில் ‘எஸ்.ஏ.எஃப். லித்கோ’. இன்னொரு இடத்தில் மாடல் பெயர் தயாரிப்பாளர் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். குழல் அளவு ஓரிடத்தில் .22, ஓரிடத்தில் .22 எல்.ஆர்., எங்கோ ஓரிடத்தில் மில்லிமீட்டர் கணக்கு. வரிசை எண்ணில் இருப்பது பூஜ்யமா ஆங்கில ‘ஓ’வா? எண்ணை ரைஃபிளின் உடலிலிருந்து எடுத்தாரா, போல்ட்டிலிருந்தா, குழலிலிருந்தா? பாகங்கள் மாற்றப்பட்ட பழைய துப்பாக்கியில் மூன்றும் மூன்று எண்ணாக இருக்கலாம். இன்னும் பழையது என்றால் எண்ணே இருக்காது. வரிசை எண் இருந்தாலும் அது ஒன்றே போதாது. இரண்டு தயாரிப்பாளர்கள் ஒரே எண்ணைப் பொறித்திருப்பது சாதாரணம். தயாரிப்பாளர், மாடல், குழல் அளவு, வரிசை எண் நான்கும் சேர்ந்தால்தான் ஒரு துப்பாக்கி என்று அடையாளம். நான்கில் ஒன்று பிசகினாலும் கணினிக்கு அது வேறு துப்பாக்கி.

இப்போது அந்த ரைஃபிளை வைத்திருக்கும் பண்ணைக்காரர் நியூ சவுத் வேல்ஸை விட்டுக் குவீன்ஸ்லாந்துக்குக் குடிபெயர்கிறார். துப்பாக்கி காரின் பின்புறம் பூட்டிய பெட்டியில் எல்லை தாண்டுகிறது. புதிய மாநிலத்தில் புதிய உரிமம், புதிய பதிவு. பழைய மாநிலத்தின் பதிவேட்டில் அது அழிந்ததா? அழிந்தால் எந்தக் காரணம் எழுதப்பட்டது? அவர் இறந்துவிட்டால் மகன் எங்கே போய்ச் சொல்ல வேண்டும்? துப்பாக்கி வெட்டி அழிக்கப்பட்டதா, பரணில் கிடக்கிறதா? ஒவ்வொரு கேள்வியும் சின்னது. நாற்பது லட்சத்தால் பெருக்கிப் பாருங்கள். நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து இரு மாநிலங்களின் தணிக்கைத் துறைகளும் 2019, 2020 ஆண்டுகளில் துப்பாக்கி ஒழுங்குமுறையை ஆராய்ந்து அறிக்கை தந்தன. பதிவேட்டுத் தகவல் எவ்வளவு நம்பத் தகுந்தது என்ற கவலை அவற்றில் வெளிப்படையாகவே இருக்கிறது. நான் அரசுத் தரவுகளோடு மல்லுக்கட்டி வாழ்ந்தவன். எனக்கு அதில் வியப்பில்லை. எந்தப் பதிவேடும் திறந்த நாளில்தான் சுத்தமாக இருக்கும்.

வகைப்பாட்டிலும் இதே கதை. ஏ, பி, சி, டி, எச் என்று ஐந்து பிரிவுகள் நாடு முழுக்கப் பொதுவானவைதான். ஆனால் எது எந்தப் பிரிவில் வரும் என்பதில் சண்டை தீரவில்லை. 2015 வாக்கில் துருக்கியிலிருந்து அட்லர் என்ற லீவர் வகை ஷாட்கன் வந்தபோது அது பெரிய அரசியல் சச்சரவானது. கையால் நெம்புகோலை இழுத்து வேகமாகச் சுடலாம். ஆனால் பழைய வகைப்பாட்டில் அது எளிதான பிரிவில் விழுந்தது. 2016 டிசம்பரில்தான் முடிவுக்கு வந்தார்கள்: ஐந்து தோட்டா வரை பி பிரிவு, அதற்கு மேல் டி. இந்த ஒரு துப்பாக்கிக்காக அமைச்சர்கள் மாதக்கணக்கில் பேசினார்கள். பதிவேடுகளை இணைக்க அந்த உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்கு காட்டியிருந்தாலும் போதும் என்பது என் எண்ணம்.

இணைப்பு முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2000இல் கிரிம்டிராக் என்ற நிறுவனம் உருவானது. அதன் பொறுப்பில் தேசிய உரிமம், பதிவு அமைப்பு என்று ஒன்று ஓடியது. 2016இல் கிரிம்டிராக் ஆஸ்திரேலியக் குற்றப் புலனாய்வு ஆணையத்தோடு கலந்தது. பிறகு துப்பாக்கித் தகவல் வலைப்பின்னல் என்று புதிய அமைப்பு வந்தது. துப்பாக்கியின் பெயர், மாடலை எப்படிப் பதிவது என்பதற்குப் பொதுவான ஒரு அடையாளப் பட்டியலும் உண்டு. இவையெல்லாம் நல்ல வேலைதான். ஆனால் அடிப்படைக் குறை ஒன்று மாறவில்லை. மாநிலங்கள் அனுப்பிய தகவலின் பிரதிதான் மத்தியில் இருந்தது. மூலம் பிசகினால் பிரதியும் பிசகும். மூலம் இன்று மாறினால் பிரதி எப்போது மாறும் என்பது அனுப்புகிறவரின் வேகத்தைப் பொறுத்தது.

இதனால் என்ன ஆகிறது என்பதை 2014 டிசம்பர் காட்டியது. சிட்னி மார்ட்டின் பிளேஸில் லிண்ட் காபிக் கடை முற்றுகையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பணயக் கைதிகள் இருவர் உயிரிழந்தார்கள். முற்றுகை முடிந்த மறுநாளே, முற்றுகையிட்ட ஆளுக்குத் துப்பாக்கி உரிமம் இருந்தது என்று பிரதமர் டோனி அபட் சொன்னார். தேசியக் காவல் தகவல் அமைப்பிலிருந்து கிடைத்த செய்தி அது. நியூ சவுத் வேல்ஸ் காவல்துறையோ தங்கள் பதிவகத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்றது. பிறகு பிரதமர் சொன்னதே தவறு என்று ஆனது. நாடே கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், ஒரே ஒரு மனிதரின் உரிமம் பற்றி இரண்டு அரசுக் கணினிகள் இரண்டு பதில் சொன்னால், சாலையோரத்தில் காரை நிறுத்திச் சோதிக்கும் சாதாரணக் காவலருக்கு என்ன பதில் கிடைத்திருக்கும்?

அவன் கையில் இருந்த ஷாட்கன்னின் கதை இன்னும் கசப்பானது. 1950களில் சட்டப்படி இறக்குமதியானது. பின்னால் குழல் அறுக்கப்பட்டது. எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இடைப்பட்ட அறுபது ஆண்டில் அது யார் யார் கைக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முற்றுகை பற்றி 2015இல் வெளியான கூட்டு ஆய்வறிக்கை, தேசிய இணைப்பு அமைப்பை அந்த ஆண்டு முடிவதற்குள் இயக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1996இன் தீர்மானத்தையே வேறு வாக்கியத்தில் எழுதியது போல இருக்கிறது அது.

இப்படிப் பதிவுக்கு வெளியே இருப்பவை எத்தனை? குற்றப் புலனாய்வு ஆணையத்தின் பழைய மதிப்பீடு ஒன்று, குறைந்தபட்சமாக 2,60,000 என்கிறது. கடத்தி வந்தவை மட்டுமல்ல. 1996இல் ஒப்படைக்க வேண்டியதைக் கொடுக்காமல் கொட்டகையில் மறைத்தவையும், பதிவே செய்யாமல் விட்டவையும் அதில் உண்டு. 2017இல் மூன்று மாதம் பொது மன்னிப்பு அறிவித்தபோது 57,324 துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. தாத்தா இறந்தபின் பரண் துடைக்கும்போது கிடைத்தவை ஏராளம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு அரசியல்வாதிகளை அசைக்க இன்னொரு சாவு தேவைப்பட்டது. 2022 டிசம்பர் 12. குவீன்ஸ்லாந்தின் வியம்பில்லா என்ற ஒதுக்குப்புறப் பண்ணை. காணாமல் போனவர் ஒருவரைப் பற்றி நியூ சவுத் வேல்ஸ் காவல்துறை கேட்டுக்கொண்டதால் நான்கு இளம் காவலர்கள் விசாரிக்கப் போனார்கள். பதுங்கியிருந்து சுட்டதில் இருவர் இறந்தார்கள். உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரரும் இறந்தார். ஒரு மாநிலத்தின் கேள்விக்காக மற்றொரு மாநிலத்தின் காவலர்கள் ஒரு வாசலுக்குப் போகும்போது, அந்த வாசலுக்குப் பின்னால் என்ன இருக்கலாம் என்பதை அவர்கள் கைக்கருவி சொல்ல வேண்டாமா? குவீன்ஸ்லாந்துக் காவலர் சங்கம் தேசியப் பதிவேடு வேண்டும் என்று உரக்கக் கேட்டது. ஓராண்டு கழித்து, 2023 டிசம்பர் 6ஆம் தேதி, பிரதமரும் மாநில முதல்வர்களும் அடங்கிய தேசிய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. 2024இல் நான்கு ஆண்டுக்கு 16 கோடியே 13 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. அப்போது வைத்த இலக்கு 2028ஆம் ஆண்டின் நடுப்பகுதி.

புதிய பதிவேடு என்ன செய்யும்? ஊரில் நிலம் வாங்கினவர்களுக்கு வில்லங்கச் சான்று தெரியும். இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதோடு நிற்காமல், யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதியில் கைமாறியது என்று பின்னோக்கிக் காட்டும் அது. துப்பாக்கிக்கும் அப்படி ஒன்று வேண்டும். தொழிற்சாலையிலோ துறைமுகத்திலோ உள்ளே வந்த நாள், டீலர் கைக்குப் போன நாள், முதலில் வாங்கியவர், மாநிலம் மாறியது, திருடு போனது, உரிமையாளர் இறந்தது, கடைசியில் வெட்டி அழித்தது, எல்லாம் ஒரே தொடராக. அதோடு, அந்தத் தகவல் ஏறக்குறைய அந்தந்த நேரத்திலேயே எந்த மாநிலக் காவலருக்கும் தெரிய வேண்டும்.

வேலை எங்கே இருக்கிறது என்றால், பெரும்பகுதி மத்தியில் இல்லை. மாநிலங்களின் பழைய அமைப்புகளை மாற்றுவதில் இருக்கிறது. காகிதத்தில் இன்னும் ஓடும் அனுமதிகளைக் கணினிக்குக் கொண்டுவர வேண்டும். சட்டங்களைத் திருத்த வேண்டும். ஒரு மாநிலத்தின் ரகசியக் காப்பு விதி, வேறொரு மாநிலத்துக்குத் தகவல் தருவதையே தடுத்தால் எந்த மென்பொருளும் உதவாது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய பதிவுகளைச் சுத்தம் செய்ய வேண்டும். நான் சொன்ன லித்கோ ரைஃபிளை நினைத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஆஸ்திரேலியா சட்டத்தையே புதிதாக எழுதி, ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதற்கும் முதன்முறையாக வரம்பு போட்டது. 2025 மார்ச் இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது. எல்லா மாநிலமும் அதே வேகத்தில் ஓடவில்லை. இந்தத் திட்டத்தின் வேகம் கடைசியில் வருகிறவரின் வேகம்தான்.

உலகில் இது முடியாத காரியமா? ஜெர்மனியும் கூட்டாட்சி நாடுதான். அங்கே துப்பாக்கி உரிமம் தருவது ஐந்நூறுக்கு மேற்பட்ட உள்ளூர் அலுவலகங்கள். 2009இல் வின்னெண்டன் பள்ளியில் நடந்த கொலைகள், ஐரோப்பிய ஒன்றியம் 2014 முடிவுக்குள் கணினிப் பதிவு வேண்டும் என்று வைத்த கெடு, இரண்டும் சேர்ந்து நெருக்கின. 2013 ஜனவரி 1இல் தேசிய ஆயுதப் பதிவேடு தொடங்கிவிட்டது, கெடுவுக்கு முன்பாகவே. எட்டை இணைக்க முடியாமல் நாம் தவிக்கும்போது அவர்கள் ஐந்நூறை இணைத்தார்கள். சாசனத்தைக் காட்டி நழுவுகிறவர்களிடம் இந்த ஒரு தகவலைச் சொல்லுங்கள்.

கனடா எதிர்ப்புறப் பாடம். மான்ட்ரியல் பொறியியல் கல்லூரியில் 1989இல் 14 பெண்கள் கொல்லப்பட்டதன் விளைவாக 1995இல் சட்டம் வந்தது. எல்லா ரைஃபிளும் ஷாட்கன்னும் பதிவாக வேண்டும். செலவு 11 கோடியே 90 லட்சம் டாலர், கட்டண வருவாய் 11 கோடியே 70 லட்சம், ஆக அரசுக்கு நிகரச் சுமை வெறும் 20 லட்சம் என்று கணக்குக் காட்டினார்கள். 2002 டிசம்பரில் தலைமைத் தணிக்கையாளர் ஷீலா ஃப்ரேசர் வெளியிட்ட அறிக்கை, செலவு 100 கோடியைத் தாண்டப்போகிறது என்றது. மக்கள் அதிர்ந்தது செலவால் மட்டுமல்ல. நாடாளுமன்றத்துக்கு உள்ளபடி சொல்லவில்லை என்று அந்த அறிக்கை கண்டித்ததும் சேர்ந்துகொண்டது. அந்தக் கறை போகவே இல்லை. 2012இல் ஸ்டீஃபன் ஹார்ப்பர் அரசு நீள்குழல் துப்பாக்கிப் பதிவேட்டை ஒழித்தது; பதிவுகளையும் அழிக்கச் சொன்னது. தங்கள் மாகாணத்துத் தகவலையாவது கொடுங்கள் என்று கியூபெக் உச்ச நீதிமன்றம் வரை போய், 2015இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. பிறகு அந்த மாகாணம் முதலிலிருந்து தொடங்கி, 2018இல் தனக்கென்று புதிதாக ஒரு பதிவேட்டைத் திறந்தது. திறமையில்லாமல் நடத்திய பதிவேட்டை எதிரிகள் கொல்லத் தேவையில்லை. அதுவே தன் எதிரிகளுக்கு ஆயுதம் கொடுத்துவிடுகிறது.

நியூசிலாந்து பக்கத்து வீடு. அங்கே ரைஃபிள், ஷாட்கன்களின் பழைய பதிவை 1983இல் கைவிட்டார்கள். ஆளுக்கு உரிமம் போதும், ஆயுதத்தை எண்ண வேண்டாம் என்பது வாதம். 1997இல் நீதிபதி தோர்ப் பதிவேடு மீண்டும் வேண்டும் என்று அறிக்கை தந்தார், அலமாரிக்குப் போனது. 2019 மார்ச் 15இல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகுதான் சட்டம் வந்தது. 2023 ஜூன் 24இல் பதிவேடு திறந்தது. எல்லோரும் பதிந்து முடிக்க ஐந்தாண்டு அவகாசம். தூக்கி எறிந்த ஒன்றை நாற்பது ஆண்டு கழித்து மறுபடி கட்டுவது எவ்வளவு கடினம் என்பதை அவர்கள் இப்போது அனுபவிக்கிறார்கள். அமெரிக்காவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அங்கே 1986ஆம் ஆண்டுச் சட்டமே தேசியப் பதிவேட்டைத் தடுக்கிறது. மூடிய கடைகளின் ஏடுகளைப் பெயர் வைத்துத் தேட முடியாத வகையில் சேமிக்கிறார்கள். வேண்டுமென்றே கண்ணைக் கட்டிக்கொண்ட ஏற்பாடு.

எதிர்ப்பவர்களின் வாதத்தை நான் ஒதுக்கிவிடப் போவதில்லை. “திருடன் வந்து பதிந்துவிட்டுப் போவானா?” என்பார்கள். போக மாட்டான். ஆனால் திருடன் கைக்கு வரும் துப்பாக்கிகளில் பல, ஒரு காலத்தில் யாரோ நேர்மையானவரின் அலமாரியில் இருந்தவை. அது எந்த அலமாரி, எப்போது காணாமல் போனது என்று தெரிந்தால்தான் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க முடியும். இன்னொரு வாதம் இதைவிட வலுவானது: எந்த வீட்டில் எத்தனை துப்பாக்கி என்ற பட்டியல் வெளியே கசிந்தால், அதுவே திருடனுக்கு வழிகாட்டி. நியூசிலாந்தில் 2019இல் திரும்ப வாங்கும் திட்டத்தின் இணையதளத்தில், பிறருடைய விவரங்கள் ஒரு டீலரின் கண்ணில் பட்டதால் தளத்தையே மூட வேண்டியதாயிற்று. விவசாயிகளின் அச்சம் கற்பனை அல்ல. பதிவேட்டை யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்பதற்கும் பதிவு வேண்டும். காரணமின்றிப் பார்த்த அதிகாரிக்குத் தண்டனை வேண்டும். இதைச் செய்யாமல் ஒத்துழைப்பை எதிர்பார்க்க முடியாது.

2025 டிசம்பர் 14க்கு வருகிறேன். பாண்டை கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா விழாவில் 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாளே தேசிய அமைச்சரவை கூடி, பதிவேட்டுப் பணியை விரைவுபடுத்துவதாக அறிவித்தது. மீண்டும் ஒரு திரும்ப வாங்கும் திட்டம், துப்பாக்கி எண்ணிக்கைக்கு வரம்பு என்றெல்லாம் வேகமாக வந்தன. நல்லது. ஆனால் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். சுட்டவர்கள் ஒரு தந்தையும் மகனும்; தந்தைக்கு உரிமம் இருந்தது. அவர் பெயரில் ஆறு துப்பாக்கிகள் முறைப்படி பதிவாகி இருந்தன. பதிவேடு வேலை செய்தது. அவருடைய மகனை உளவுத்துறை 2019லேயே ஆராய்ந்திருந்தது. ஒரு துறைக்குத் தெரிந்தது, உரிமம் கொடுத்த இன்னொரு துறையின் மேசைக்கு வந்ததா என்பதே கேள்வி. எத்தனை துப்பாக்கி எங்கே என்று காட்டும் பட்டியல், அந்த வீட்டில் வேறு யார் வசிக்கிறார்கள், அவரைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்பதைக் காட்டாவிட்டால், அது அடையாளம் காண உதவும், தடுக்க உதவாது. பதிவேடு வந்தால் இனிப் படுகொலை நடக்காது என்று எந்த அமைச்சர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அவசரத்திலும் எனக்கு ஒரு பயம் உண்டு. கெடுவை முன்னுக்குத் தள்ளினால் முதலில் கைவிடப்படுவது தகவல் சுத்திகரிப்புதான். திறப்பு விழாவில் அது தெரியாது. எட்டுக் குப்பைகளை ஒன்றாகக் கொட்டி மேலே ஒரு தேடல் பெட்டியை வைத்து, “தேசியப் பதிவேடு தயார்” என்று சொல்லிவிடலாம். தவறான பதிவை நம்பி ஒரு வீட்டுக்குள் நுழையும் காவலருக்கு, பதிவே இல்லாமல் நுழைபவரைவிட ஆபத்து அதிகம். இல்லை என்று கணினி சொன்னதால் அவர் அசட்டையாக இருப்பார். இதைவிட ஆறு மாதம் தாமதமே மேல்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு காரியம். தேர்தலோ இல்லையோ, உங்கள் தொகுதியின் கூட்டாட்சி உறுப்பினருக்கும் மாநில உறுப்பினருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். “பதிவேடு எப்போது திறக்கும்?” என்று கேட்காதீர்கள், அதற்கு அவர்களிடம் தயாரான பதில் இருக்கும். “நம் மாநிலப் பதிவுகளில் எத்தனை விழுக்காடு நேரில் சரிபார்க்கப்பட்டவை? பிழை விகிதத்தை ஆண்டுதோறும் வெளியிடுவீர்களா? சுயேச்சையான தணிக்கை உண்டா?” என்று கேளுங்கள். பத்துப் பேர் இதைக் கேட்டால் உறுப்பினர் அமைச்சரிடம் கேட்பார். அமைச்சர் அதிகாரியிடம் கேட்பார். கனடாவில் இந்தக் கேள்வி மிகவும் தாமதமாக எழுந்தது.

மற்றது, நம்மில் கிராமப்புறங்களில் மருத்துவர்களாகவும் தாதியர்களாகவும் வேலை பார்க்கிறவர்களுக்கும், பண்ணை வீடு வாங்கியிருக்கிறவர்களுக்கும். பழைய கொட்டகையில், விட்டுப்போன பெட்டியில், முதிய நோயாளியின் வீட்டில் உரிமமில்லாத துப்பாக்கி இருப்பது தெரிய வந்தால் தொட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். 2021 ஜூலை 1 முதல் நாடு முழுக்க நிரந்தரப் பொது மன்னிப்பு நடைமுறையில் இருக்கிறது. உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்தால், உரிமமில்லாமல் வைத்திருந்த குற்றத்துக்காக வழக்கு வராது. உங்களுக்குத் தெரிந்தவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.